நெஞ்சறிந்த பொய்யும் நெஞ்சறியாப் பிழையும்: கண்கண்ட சாட்சியம் குறித்த ஓர் அறவியல் ஆய்வு

முன்னுரை

உளவியல் பயிலும் மாணவர் ஒருவர் கண்கண்ட சாட்சியம் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால், அவர்முன் நிற்கும் வினா, 'நேரிற் கண்டவர் கூற்று எந்த அளவிற்கு நம்பத்தக்கது?' என்பதாகும். கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக நிகழ்த்தப்பெற்ற ஆய்வுகள் இவ்வினாவிற்குத் தெளிவான விடைகள் சிலவற்றைத் தந்துள்ளன. ஆயின் அவ்விடைகளிலிருந்து எழும் பிறிதொரு வினா உளவியலின் எல்லைக்குள் அடங்குவதன்று. பொய் கூறும் எண்ணம் சிறிதுமின்றி, தாம் கண்டதாக உறுதியாக நம்பும் ஒன்றைக் கூறிய ஒருவரால் குற்றமற்ற மற்றொருவர் சிறைப்பட நேர்ந்தால், கூறியவர் வாய்மை தவறியவராவாரா? தவறியவர் அல்லர் எனின், அத்தீங்கிற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

தமிழ் அறநூல்கள் வாய்மையைப் பெரிதும் நெஞ்சோடு தொடர்புபடுத்திப் பேசுகின்றன. நெஞ்சறிந்த ஒன்றை மறைத்துக் கூறுதலே பொய் என்பது அவற்றின் அடிப்படை. நெஞ்சே தான் அறியாமல் மாறிப்போகும் இயல்புடையது என உளவியல் கூறும்போது, அந்த அடிப்படை மறு ஆய்விற்கு உரியதாகின்றது. உளவியல் ஆய்வுகள் சிலவற்றையும் ஒரு வழக்கையும் முன்வைத்து, தமிழ் இலக்கண இலக்கியங்களும் இந்திய அளவையியலும் தரும் கருத்துகளின் துணையோடு இச்சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரியும் சாட்சியும்

'சாட்சி' என்பது வடமொழி வழிவந்த சொல்லாகும். கண்ணால் நேரிற் கண்டவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழில் இப்பொருளில் பழங்காலத்தே வழங்கிய சொற்கள் கரி, சான்று என்பன. திருக்குறளில் கரி என்னும் சொல் இப்பொருளில் ஆளப்பெற்றுள்ளது.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம், வழக்கை மெய்ப்பிக்கும் வழிகளாக ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றைக் குறிப்பிடுகின்றது. இவற்றுள் மூன்றாவது இக்கட்டுரையின் பொருளாகும். காட்சிக்கு உரியவர் 'அயலார்' எனச் சுட்டப்படுவது நோக்கத்தக்கது. வழக்கின் வெற்றி தோல்வியில் பங்கில்லாதவரே சான்று கூறத் தக்கவர் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் இறுதியில் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டே முடிவு காண்கின்றனர்.

சிலப்பதிகாரம் பொய்க்கரியின் கொடுமையை இருமுறை பேசுகின்றது. புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் கட்டி அறைந்து உண்ணும் தீயோர் வரிசையில் பொய்க்கரியாளர் இடம்பெறுகின்றனர். அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் பழைய நிகழ்ச்சி ஒன்றும் இது பற்றியதே. பத்தினி ஒருத்திமேல் தான் அறியாத ஒன்றற்குப் பொய்க்கரி கூறிய வறியவன் ஒருவன் அப்பூதத்தின் கையில் அகப்படுகின்றான். அவன் தாயின் துயர் கண்டு இரங்கிய கோவலன், தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டுகின்றான். பூதம் அதற்கு இசையவில்லை. பின்னர்க் கோவலன் அக்குடும்பத்தைப் பல்லாண்டு காலம் பொருள் கொடுத்துக் காக்கின்றான்.

இவ்விடங்களில் எல்லாம் சான்று கூறுவோர் பற்றிய அச்சம் இரண்டே. ஒன்று, சார்பு, மற்றொன்று, பொய். சார்பும் பொய்யும் இல்லாதவழிக் கண்டவர் கூற்று உண்மையாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை இவற்றின் பின்னணியில் உள்ளது எனலாம். உளவியல் ஆய்வுகள் அசைத்துப் பார்த்தது இந்நம்பிக்கையைத்தான்.

உளவியல் காட்டும் நினைவின் இயல்பு

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஹியூகோ மன்ஸ்டர்பர்க் 1908ஆம் ஆண்டில் சாட்சிக் கூண்டு பற்றிய தம் நூலை வெளியிட்டார். தம் வீட்டில் நிகழ்ந்த திருட்டுக் குறித்துத் தாமே நீதிமன்றத்தில் உறுதிமொழியேற்றுக் கூறிய செய்திகளுள் பல பிழையானவை எனப் பின்னர்த் தெரியவந்ததை அந்நூலில் அவர் பதிவு செய்துள்ளார். நினைவாற்றலை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், பொய் கூற எவ்வகைக் காரணமும் இல்லாத நிலையில், நடவாதவற்றை நடந்தனவாகக் கூறினார் என்பது கருதத்தக்கது.

ஆங்கிலேய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூல், நினைவு என்பது சேமித்து வைத்த பொருளை அப்படியே எடுத்தல் அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புதல் என்னும் கருத்தை நிலைநாட்டியது. வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர்கள், அதனைத் திரும்பக் கூறும்போது தம் பண்பாட்டிற்குப் பழக்கமான பொருள்களையும் காரணங்களையும் இட்டு நிரப்பினர். அவர்கள் எவரும் கதையை மாற்ற வேண்டும் என எண்ணியவர் அல்லர்.

1974இல் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுவது. மாணவர்க்கு ஊர்தி விபத்துப் படங்கள் காட்டப்பெற்று, ஊர்திகளின் வேகம் கேட்கப்பட்டது. வினாவில் ஒரு வினைச்சொல் மட்டுமே மாற்றப்பட்டது. நொறுங்க மோதிக்கொண்டன என்னும் பொருள்தரும் சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றனர். தொட்டுக்கொண்டன என்னும் பொருள்தரும் சொல்லால் கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். இரண்டாவது சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என 150 மாணவர்கள் வினவப்பெற்றனர். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. வலிய சொல்லால் முன்பு கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றனர். மெலிய சொல்லால் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், வேகம் பற்றிக் கேட்கப்படாத 50 பேரில் 6 பேரும் அவ்வாறு கூறினர். கேட்பவரின் சொல், கண்டவரின் காட்சிக்குள் புகுந்துவிடுகின்றது என்பதே இதன் பயனாகும்.

1998இல் கேரி வெல்சும் ஏமி பிராட்ஃபீல்டும் வெளியிட்ட ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. காட்சியொன்றைக் கண்டவர்களிடம் குற்றவாளியின் படம் இடம்பெறாத படவரிசை தரப்பட்டது. தேர்ந்தெடுத்தவர் அனைவரும் தவறாகவே தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் சிலரிடம் மட்டும், சரியானவரைக் காட்டினீர்கள் என்னும் பொருள்படப் பாராட்டு மொழி கூறப்பட்டது. பின்னர் வினவியபோது, பாராட்டுப் பெற்றவர்கள் தாம் தேர்ந்தெடுத்த கணத்திலேயே மிக்க உறுதியோடு இருந்ததாகவும், முகத்தை நன்றாகக் கண்டதாகவும் கூறினர். ஒரு சிறு பாராட்டு, இனிவரும் உறுதியை மட்டுமன்றிக் கடந்துபோன ஐயத்தின் நினைவையும் அழித்துவிட்டது.

ஒரு வழக்கு

ஆய்வுக்கூடத்தில் கண்ட இவ்வுண்மைகள் வாழ்வில் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நிகழ்ந்த ரொனால்ட் காட்டன் வழக்குச் சான்றாகும்.

1984ஆம் ஆண்டில் பர்லிங்டன் நகரில் கல்லூரி மாணவி ஒருவர் தம் இல்லத்தில் வன்புணர்வுக்கு ஆளானார். அக்கொடிய நேரத்திலும், உயிர் பிழைத்தால் இவனை அடையாளம் காட்ட வேண்டும் என்னும் உறுதியோடு அவர் அம்முகத்தைக் கூர்ந்து நோக்கி மனத்திற் பதித்துக்கொண்டார். காவல் துறையினர் காட்டிய படங்களிலிருந்து அவர் சில நிமிடத் தயக்கத்திற்குப் பின் காட்டனின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் நேரடி அணிவகுப்பிலும் காட்டனையே காட்டினார். படவரிசை, அணிவகுப்பு ஆகிய இரண்டிலும் இடம்பெற்றவர் காட்டன் ஒருவரே. தேர்வு சரியானது என்னும் குறிப்பு அவருக்குக் காவலர்களால் உணர்த்தப்பட்டது. நீதிமன்றத்தில் அவர் கூறிய சான்றில் தயக்கத்தின் சுவடே இல்லை. 1985இல் காட்டன் தண்டிக்கப்பட்டார்.

1987இல் நடைபெற்ற மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளி அம்மாணவியின் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டான். அவரால் அவனை அடையாளம் காண இயலவில்லை. காட்டன் மீண்டும் தண்டிக்கப்பட்டார். 1995இல் மரபணுச் சோதனை உண்மையை வெளிப்படுத்திய பின்னரே, பத்து ஆண்டுகளுக்கு மேலான சிறைவாழ்விலிருந்து அவர் விடுதலை பெற்றார். பிற்காலத்தில் இருவரும் நண்பர்களாகி, 2009இல் தம் வரலாற்றைக் கூட்டாக நூலாக வெளியிட்டனர்.

இஃது அரிதாக நிகழ்ந்த விபத்தன்று. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் எனத் தெளிந்து விடுவிக்கப்பட்ட முதல் 250 பேரின் வழக்குகளைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்து 2011இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் 190 வழக்குகளில் கண்கண்ட சாட்சிகளின் தவறான அடையாளம் இடம்பெற்றிருந்தது. சாட்சிகளின் எண்ணிக்கை மிகுவதும் காப்பாவதில்லை. இங்கிலாந்தில் அடால்ஃப் பெக் என்பவரை 1896இல் பல பெண்கள் தம்மை ஏமாற்றியவர் என அடையாளம் காட்டினர். ஏமாற்றியவன் வேறொருவன் என்பது 1904இல்தான் தெளிவாயிற்று. அவ்வழக்கு ஏற்படுத்திய அதிர்ச்சி, 1907இல் அந்நாட்டில் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் தோன்றுவதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

சதுக்கப் பூதம் யாரைப் பிடிக்கும்?

இந்நிலையில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதத்தின் முன் அம்மாணவியை நிறுத்திப் பார்ப்பது சிந்தனைக்கு உதவும். பூதம் அவரைப் பொய்க்கரியாளராகக் கருதுமா?

வள்ளுவர் வகுக்கும் வாய்மை அளவுகோல் நெஞ்சமாகும். தன் நெஞ்சு அறிந்த ஒன்றைப் பொய்யாகக் கூறினால் அந்நெஞ்சே பின்னர்ச் சுடும் என்பது வாய்மை அதிகாரத்தின் மையக் கருத்துகளுள் ஒன்று. இவ்வளவுகோலின்படி அம்மாணவி வாய்மையாளரே. அவர் நெஞ்சு அறிந்ததும் வாய் கூறியதும் ஒன்றே. பதினோராண்டுகள் அவர் நெஞ்சு அவரைச் சுடவில்லை. சுடுவதற்கான காரணம் நெஞ்சிற்குத் தெரியாது.

அதே அதிகாரத்தின் முதற் குறள் வாய்மையைப் பிறிதொரு வகையில் வரையறுக்கின்றது. எவர்க்கும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பது அது. இவ்வளவுகோலின்படி அச்சான்று வாய்மை ஆகாது. ஒருவரின் இளமையைச் சிறையில் அழித்த சொல் அது. உண்மைக் குற்றவாளி தப்பித்திருக்கவும் அதுவே துணைசெய்தது. ஆகவே வாய்மையின் இரு அளவுகோல்களும் இங்கு முரண்படுகின்றன. நெஞ்சத் தூய்மை உள்ளது, தீங்கின்மை இல்லை. கூறியவரைப் பழிக்க இயலவில்லை; கூற்றை ஏற்கவும் இயலவில்லை.

இம்முரணைக் கடக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. கருத்தில் குற்றமில்லை, ஆகவே எவரும் பொறுப்பல்லர் என்பது ஒன்று. அவ்வாறு கொள்வது சிறைப்பட்டவரின் பத்தாண்டுகளை இயற்கைச் சீற்றத்தின் விளைவு போலக் கருதுவதாகும். விளைவு தீது, ஆகவே கூறியவரே குற்றவாளி என்பது மற்றொன்று. இது துன்புற்றவரையே மீண்டும் துன்புறுத்துவதாகும். இவ்விரண்டும் பொருந்தா எனின், நெஞ்சிற்கும் சொல்லிற்கும் இடையே மூன்றாவதாக ஒன்றை நாம் தேட வேண்டும். அறிவின் அளவு என்பதே அம்மூன்றாவது கூறு. தான் அறிந்ததை மட்டுமன்றி, எந்த அளவிற்கு அறிந்தான் என்பதையும் கூறுவதே முழுமையான வாய்மை என்பது இக்கட்டுரையின் துணிபாகும். மாடலன் கூறும் நிகழ்ச்சியில், தான் அறியாத ஒன்றற்குக் கரி கூறியமையே அவ்வறியவனின் குற்றமாகச் சுட்டப்படுவதும் இத்துணிபிற்கு அரண் செய்கின்றது.

அளவைப் போலிகள்

அறிவின் அளவை ஆராயும் மரபு இந்தியச் சிந்தனையில் தொன்மையானது. நியாய சூத்திரம் நம்பத்தக்கவரின் கூற்றை ஓர் அறிவுவாயிலாக ஏற்கின்றது. அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்த விரும்புபவரே நம்பத்தக்கவர் என விளக்குகின்றார். இவ்விலக்கணம் முனிவர், ஆரியர், மிலேச்சர் ஆகியோர்க்குப் பொதுவானது எனவும் அவர் கூறுகின்றார். குலமும் நிலையும் சான்றின் தகுதியை முடிவு செய்வதில்லை என்பது இதனாற் பெறப்படும். அதே நியாய மரபு, நினைவைப் புதிய அறிவாகக் கொள்வதில்லை. அனுபவத்தின் பதிவு என்ற அளவில் மட்டுமே அதற்கு இடமளிக்கின்றது. நேரே அறிதலுக்கும் உணர்த்த விரும்புதலுக்கும் இடையில் காலம் என ஒன்று உண்டு. அக்காலத்தைக் கடக்க நினைவு என்னும் நிறைவற்ற ஓடமே நமக்கு உள்ளது என இக்கருத்துகளை இணைத்துக் காணலாம்.

தமிழில் மணிமேகலையின் இருபத்தேழாம் காதை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வஞ்சி நகரில் அளவைவாதி, பத்து அளவைகளைக் கூறிய பின் எட்டுப் போலிகளையும் தொகுத்துரைக்கின்றான். அவை சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன. இவற்றுள் நான்கு சாட்சியியலுக்கு நேரே பொருந்துவன.

ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். இப்பியை வெள்ளியாகக் கொள்வது போல்வது அது. தறியோ ஆளோ எனத் துணியமாட்டாது நிற்பது ஐயம். ஆராயாமலே தறியை ஆள் எனத் துணிந்துவிடுவது தேராது தெளிதல். தக்க காரணமின்றி, இவர் உன் தாய் தந்தையர் எனப் பிறர் கூறக் கேட்டு அவ்வாறே கருதிக்கொள்வது நினைப்பு. பிறர் சொல் தன் அறிவாக மாறிவிடும் இக்கடைசிப் போலியை, லாஃப்டசின் ஆய்வோடு ஒப்புநோக்கலாம். இரண்டும் ஒன்றே எனக் கூறுவது இங்கு நோக்கமன்று. மணிமேகலை அளவையியல் நோக்கிலும், லாஃப்டஸ் சோதனை நோக்கிலும் பேசுகின்றனர். எனினும் பிறர் மொழி நம் காட்சியாக வேடமிட்டு வரக்கூடும் என்னும் எச்சரிக்கை இரண்டிற்கும் பொதுவாகும்.

மேற்கண்ட வழக்கை இக்கலைச்சொற்களால் விளக்கலாம். படங்களின் முன் தயங்கி நின்ற மாணவி ஐயத்தில் இருந்தார். அணிவகுப்பிற்கும் பாராட்டிற்கும் பின்னர் அவ்வையம் தேராது தெளிதலாக மாறியது. நீதிமன்றம் கேட்டது தெளிவை மட்டுமே. தெளிவு தோன்றிய வழியை அது கேட்கவில்லை.

ஐயத்தின் இலக்கணம்

அளவைநூல் ஐயத்தைப் போலிகளுள் ஒன்றாக வைத்தது. அறிவை நாடுவார்க்கு ஐயம் குறையே ஆதலின் அது பொருத்தமானது. ஆனால் தமிழ் இலக்கணம் ஐயத்தைப் பிறிதொரு நோக்கில் அணுகுகின்றது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், ஐயமுற்ற ஒருவர் எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு விதி வகுக்கின்றது. தொலைவில் தோன்றுவது மக்களுள் ஒருவர் எனத் தெரிந்து, ஆணோ பெண்ணோ எனத் தெரியாதவழிப் பன்மையாற் கூற வேண்டும். உயர்திணையோ அஃறிணையோ என்பதே தெரியாதவழி 'உரு' என்பது போன்ற பொதுச்சொல்லால் கூற வேண்டும். குற்றியோ மகனோ என்னும் எடுத்துக்காட்டு உரைகளில் இவ்விடத்தே இடம்பெறுகின்றது. ஐயம் நீங்கித் துணிந்த பின்னர்க் கூறும் முறையும் தனியே சொல்லப்படுகின்றது.

இவ்விதிகளை இலக்கண ஆசிரியர்கள் திணை பால் வழுவாமை காத்தற் பொருட்டு வகுத்தனர் என்பது வெளிப்படை. ஆயினும் அவற்றுள் ஓர் அறநெறி பொதிந்துள்ளதைக் காணலாம். ஐயமுற்றிருப்பது வழுவன்று, ஐயமுற்ற நிலையில் துணிந்தவன் போலப் பேசுவதே வழு. காணப்பட்டதன் அளவைச் சொல்லின் அளவு மீறலாகாது. தமிழ் ஒருமைச் சொல்லில் பால் காட்டும் விகுதி இருப்பதால், 'வந்தான்' எனக் கூறியவுடனே கூறுபவர் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றார். அத்தீர்ப்பிற்குத் தாம் இன்னும் உரியவரல்லர் எனத் தெரிந்தவர் 'தோன்றுவார்' எனப் பன்மையில் ஒதுங்குகின்றார். அளவைநூலில் குறையாக எண்ணப்பட்ட ஐயம், சொல்வார் நிலையில் நேர்மையின் வடிவமாகின்றது. மேலே கூறிய 'அறிவின் அளவு' என்னும் கூறு தமிழில் இலக்கண விதியாகவே அமைந்துள்ளது எனலாம்.

ஐயத்தை அழிப்பவர் யார்?

சாட்சி தம் ஐயத்தைப் பேண வேண்டும் எனக் கூறுவது எளிது. ஆனால் ஐயம் சாட்சியின் உள்ளத்தில் மட்டும் அழிவதில்லை. சுற்றி நிற்போரின் சொற்களால் அழிக்கப்படுகின்றது.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை இதற்கு ஒரு கொடிய எடுத்துக்காட்டாகும். பொற்கொல்லனோடு வந்த காவலர்களுள் கோவலனைக் கண்டு, இவன் கொல்லத்தக்கவனாகத் தோன்றவில்லை எனக் கூறியவரும் உண்டு. அங்கு ஐயம் வாய் திறந்து பேசியது. பொற்கொல்லன் நகைத்து, கள்வர் கைக்கொள்ளும் வழிகள் எட்டினை எடுத்துரைத்து அவ்வையத்தை மழுக்குகின்றான். இளைஞனாகிய காவலன் ஒருவன், முன்பு மழையிரவில் தான் கண்ட வேறொரு கள்வனின் கதையைக் கூறுகின்றான். அக்கதைக்கும் கோவலனுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் அது கூட்டத்தின் மனத்தை மாற்றுகின்றது. அறிவற்ற ஒருவனின் வாள் அடுத்த கணம் வீசப்படுகின்றது. பொய்யன் ஒருவன் மட்டும் கோவலனைக் கொல்லவில்லை. எழுந்த ஐயத்தைப் பேசிப் பேசியே அடக்கிய ஒரு கூட்டமும் கொலையில் பங்குகொண்டது. அடையாளம் காட்டியவரைப் பாராட்டிய பர்லிங்டன் காவலர்கள் பொற்கொல்லனைப் போன்ற தீயோர் அல்லர். ஆயினும் ஐயத்தை அழித்தல் என்னும் செயலில் இருவகையினரும் ஒன்றுபடுகின்றனர்.

ஆகவே பொறுப்பு மூவர்க்கு உரியதாகின்றது. கூறுவார்க்கு, தம் ஐயத்தைச் சொல்லில் காக்கும் பொறுப்பு. வினவுவார்க்கு, தம் சொல்லால் பிறர் காட்சியைக் கலக்காதிருக்கும் பொறுப்பு. கேட்டு முடிவு செய்வார்க்கு, உறுதியான குரலை உண்மையின் அளவாகக் கொள்ளாதிருக்கும் பொறுப்பு. யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என வள்ளுவர் கேட்பார்மேல் வைக்கும் கடமை இங்கு நினைக்கத்தக்கது.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 2014இல் வெளியிட்ட அறிக்கையின் பரிந்துரைகள் இரண்டாம் பொறுப்பை நடைமுறையாக்குவன. அடையாளப் படவரிசையை நடத்துபவர்க்கு ஐயத்திற்குரியவர் யார் எனத் தெரிந்திருக்கக் கூடாது. குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் எனச் சாட்சிக்கு முன்கூட்டியே கூற வேண்டும். தேர்ந்தெடுத்த உடனே, எவர் சொல்லும் கலவாத நிலையில், அவர்தம் உறுதியின் அளவை அவர் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். 2017இல் ஜான் விக்ஸ்டெடும் கேரி வெல்சும் வெளியிட்ட ஆய்வு, முறையாக நடத்தப்பெற்ற முதல் அடையாளத்தின்போது சாட்சி காட்டும் உறுதி, உண்மையை அறியப் பெரிதும் உதவும் எனக் காட்டியது. நினைவு முற்றிலும் நம்பத்தகாதது என்பதன்று இதன் பொருள். பிறர் கைபடாத முதல் நினைவும் அதன் ஐயமும் விலைமதிப்புடையன என்பதே பொருளாகும்.

ஒரு தடையும் விடையும்

இக்கருத்திற்கு வலுவான தடையொன்று எழுப்பப்படலாம். சாட்சியத்தின்மேல் ஐயத்தைப் பெருக்குவது வலியவர்க்கே துணைசெய்யும். ஆட்சியும் ஆவணமும் உடையவர்கள் அவற்றைக் காட்டுவர். நிலமும் எழுத்தும் இல்லாத எளியவர்க்கு உள்ள ஒரே ஆவணம் அவர்கள் கண்டது மட்டுமே. அதனையும் உளவியலின் பெயரால் பறிக்கலாமா என்பது அத்தடை. இந்தியச் சூழலில் இதனைப் புறந்தள்ள இயலாது.

இந்திய நீதிமன்றங்களின் அணுகுமுறை இங்கு வழிகாட்டுகின்றது. ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வரையறை செய்யவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் அந்நெறியையே பின்பற்றுகின்றது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வடிவேலுத் தேவர் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம், சாட்சிகளை முற்றிலும் நம்பத்தக்கவர், முற்றிலும் நம்பத்தகாதவர், இரண்டிற்கும் இடைப்பட்டவர் என மூவகைப்படுத்தியது. முதல் வகையினர் ஒருவரே எனினும் போதும். மூன்றாம் வகையினர்க்கே பிற ஆதாரம் தேட வேண்டும் என்பது அதன் சாரம். 1983இல் குஜராத்தைச் சார்ந்த பர்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் வழக்கில் அதே நீதிமன்றம், சாட்சி நிழற்படம் போன்ற நினைவாற்றல் உடையவராக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கலாகாது எனக் கூறியது. நேரம், தொலைவு போன்றவற்றில் நேரும் சிறு முரண்களைக் கொண்டு சாட்சியத்தின் அடிப்படையைத் தள்ளிவிடலாகாது என்பதும் அதன் கருத்து. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் கூற்றிற்குத் துணைச்சான்று வேண்டும் என வற்புறுத்துவது பொருந்தாது எனவும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

உளவியல் ஆய்வும் இத்தீர்ப்பும் முரண்படுவன போலத் தோன்றலாம். உண்மையில் இவை ஒரே உண்மையின் இரு பக்கங்கள். நினைவு நிழற்படம் அன்று என்பதே அவ்வுண்மை. உறுதியோடு பேசும் சாட்சியை அளவின்றி நம்பலாகாது என ஒரு பக்கம் கூறுகின்றது. தடுமாறிப் பேசும் சாட்சியைப் பொய்யர் எனத் தள்ளலாகாது என மறுபக்கம் கூறுகின்றது. முன்பின் அறியாத ஒருவரைச் சில கணங்கள் மட்டும் கண்டு பின்னர் அடையாளம் காட்டுவதே ஆய்வுகள் பெரிதும் எச்சரிக்கும் இடம். நாள்தோறும் பழகும் அண்டை வீட்டாரை, முதலாளியை, உறவினரை அடையாளம் கூறுவது அத்தகையதன்று. எளியவர்மீது இழைக்கப்படும் கொடுமைகள் பலவற்றில் இழைத்தவர் அவர்க்கு நன்கு தெரிந்தவரே. ஆகவே அந்த ஆய்வுகளைக் காட்டி அவர்தம் சான்றை மறுப்பது ஆய்வையே திரித்துக் கூறுவதாகும்.

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். நம் சாட்சிக் கூண்டில் 'நினைவில்லை', 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்னும் விடைகள் தோல்வியாகக் கருதப்படுகின்றன. குறுக்கு விசாரணையில் அவ்விடையைப் பெற்ற வழக்கறிஞர் வென்றவராக எண்ணப்படுகின்றார். இதனால் உண்மையான சாட்சியும் தம் ஐயத்தை மறைத்து, தெரியாததையும் தெரிந்தது போல் கூறக் கற்றுக்கொள்கின்றார். ஐயத்தைக் கூறியவரைத் தண்டிக்கும் அவை, தேராது தெளிந்தவர்களையே தன்முன் வரவழைத்துக்கொள்கின்றது. எளிய சாட்சியைக் காப்பதும் குற்றமற்ற எதிரியைக் காப்பதும் ஒரே வழியால் ஆவன. 'தெரியாது' எனக் கூறும் உரிமையை இழிவின்றி வழங்குவதே அவ்வழி.

முடிவுரை

கண்கண்ட சாட்சியத்தில் நேரும் பிழைகளுள் பல, பொய்யிலிருந்து தோன்றுவன அல்ல. நினைவின் இயல்பிலிருந்தும் பிறர் சொல்லின் கலப்பிலிருந்தும் தோன்றுவன. எனவே நெஞ்சத் தூய்மையை மட்டும் வாய்மையின் அளவாகக் கொள்வது போதாது. தான் கண்டதன் அளவையும் கூறுவதே சாட்சிக்குரிய வாய்மை. மணிமேகலை கூறும் அளவைப் போலிகள் ஐயம் தவறான தெளிவாக மாறும் வழியைக் காட்டுகின்றன. தொல்காப்பியத்தின் ஐயக்கிளவி விதிகள் ஐயத்தை நேர்மையோடு கூறும் வழியைக் காட்டுகின்றன. கொலைக்களக் காதை, ஐயத்தை அழிக்கும் பொறுப்பு கூறுவார்க்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்துகின்றது.

சதுக்கப் பூதம் பொய்க்கரியாளரை மட்டுமே அறியும். நெஞ்சறியாப் பிழைக்கு அத்தகைய பூதம் இல்லை, இருத்தலும் தகாது. அவ்விடத்தில் வேண்டப்படுவது தண்டனை அன்று, முறைமை. வினவும் முறை, பதிவு செய்யும் முறை, கேட்கும் முறை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது சட்டத்தின் பணி. 'அவன்தான்' எனக் கூறுமுன், 'தோன்றுகின்ற உரு' எனக் கூறும் துணிவை வளர்ப்பது மொழி பயிற்றுவோர்க்கும் உரிய பணியாகும்.